ஒற்றை வெடிச் சத்தம்

மான் வேட்டைக்கு எந்த அளவுத் துப்பாக்கி நல்லது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது அவரவர் அப்பா வைத்திருந்த துப்பாக்கியின் எண்ணாக இருக்கும். நான் அப்படிச் சொல்வதில்லை. எந்த மிருகம், எவ்வளவு தூரம், உங்கள் தோள் எவ்வளவு உதை தாங்கும் என்று முதலில் கேட்பேன். கேட்டவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

டேப் ஓடுகிறதா, கொரின்? சரி. எட்டாம் வகுப்பில் உங்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்தவன் நான். நீங்கள் செய்த பறவைக்கூட்டில் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, திரும்பச் செய்யச் சொன்னேன், அழுதீர்கள். அப்போது வாடி போடி என்று கூப்பிட்டவன்தான். இப்போது ஷெரீஃப் ஆபீஸ் யூனிஃபார்மில் இருக்கிறீர்கள், அதனால் நீங்கள் என்றே சொல்கிறேன். என் பெயர் லோவல் கிட்ஸ்மன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த காரணம் ஒரு சொல். என் தங்கை மார்லிஸின் புருஷன் டென்னி வேட்டையில் செத்துப்போனதைப் பற்றி உங்கள் ஆபீஸ் பத்திரிகைக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. "அஜாக்கிரதையான யாரோ ஒருவர் சுட்ட வழிதவறிய குண்டு" என்று அதில் போட்டிருக்கிறீர்கள். ரேடியோவிலும் அதையே படித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன், அடுப்பை அணைத்துவிட்டேன், இறங்கவில்லை. அஜாக்கிரதை. அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். அது உண்மையில்லை.

முதலில் எங்கள் வேட்டைக் குடிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அது என் பழைய வேட்டைக் கூட்டாளி ஹார்லனுடைய நிலம். சதுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அரசாங்கக் காடு, அங்கே ஊர் பேர் தெரியாத வெளியூர்க்காரர்கள் வந்து சுடுவார்கள், அக்கரைக்காரர்கள் என்போம். நவம்பரில் சீசன் திறந்தால் அது முடியும்வரை நாங்கள் அங்கேதான். விறகடுப்பு, சீட்டுக்கட்டு, பிராந்தி, பெரிய பானையில் காரமான பீன்ஸும் கறியும். அடுப்புக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. அது முழுக்கச் சட்டைத் துண்டுகள்.

மானைப் பார்த்துச் சுட்டுக் கோட்டைவிட்டவன் அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் குனிந்து நிற்க வேண்டும். ஹார்லன் ஒரு பழைய கத்தரியை எடுத்து, "குனிடா ராசா, வாலை நறுக்கணும்" என்று அவன் சட்டையின் பின்முனையை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி, ஆணியடித்துவிடுவான். செத்துப்போனவர்களின் துண்டுகள்கூட அங்கே இருக்கின்றன. ஹார்லனுடையதே பல இருக்கிறது. என்னுடையது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லைதான்.

மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருக்கும்போது காதுக்குத்தான் வேலை அதிகம். எங்கேயாவது ஒரு வெடி கேட்டால், அந்தப் பக்கம் மான் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கொஞ்சம் விட்டு இன்னொன்று கேட்டால் முதல் குண்டு தவறிவிட்டது என்று அர்த்தம், அவனவன் பரணில் தனியாக உட்கார்ந்து சிரிப்பான். சாயங்காலம் கத்தரி வெளியே வரும் என்று தெரியும். என் பக்கத்திலிருந்து எப்போதும் ஒன்றுதான் கேட்கும்.

அதற்குக் காரணம் என் கண்ணும் இல்லை, கையும் இல்லை. தோட்டா. நான் கடையில் வாங்குவதில்லை. வீட்டு நிலவறையில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுவி, நெளிசல் எடுத்து, புது வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை வைத்து அழுத்துவேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு. எனக்குப் பிடித்த மருந்து என் துப்பாக்கிக்குப் பிடிக்காமல் போகும். பனிக்காலம் முழுக்க அதற்குப் பிடித்தது எது என்று தேடிக்கொண்டிருப்பேன். என் பெண்சாதி இருந்தபோது மேலேயிருந்து குரல் கொடுப்பாள்: "அந்த மேஜைக்கே தாலி கட்டியிருக்கலாம் நீங்க." நல்லவள்தான். வேட்டை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

டென்னி கடைத்தோட்டாக்காரன். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் வாங்கியிருந்த துப்பாக்கி கரடிக்கும் காட்டெருமைக்கும் ஆனது. கழுதைபோல உதைக்கும். விசையை இழுக்கும் முன்பே கண்ணை இறுக மூடித் தோளைச் சுருக்கிக்கொள்வான். அப்படிச் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று கடவுளுக்கே தெரியாது. நான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். என்னுடைய சின்ன அளவு, இருநூற்று ஐம்பத்தேழு, அதில் ஒரு பழைய துப்பாக்கி கூடுதலாக இருந்தது. அதைத் தருகிறேன், தோட்டாவும் நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அது பொம்பளைப்புள்ளைங்க சுடுற சைசு மச்சான்," என்றான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நமக்கெல்லாம் வெடிச்சா மலை அதிரணும்."

ஹார்லன்கூடச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

அவன் மெல்லுகிற புகையிலையைக் காலி பீர் டின்னில் துப்புவான். அந்த டின்னை என் தோட்டாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பான். ஒருமுறை அது சாய்ந்து, கழுவித் துடைத்து வைத்திருந்த பித்தளையெல்லாம் அந்தப் பழுப்புத் தண்ணீரில் மிதந்தது. "சாரி மச்சான்" என்று தன் சட்டைக்கையால் துடைத்தான். சுட்ட மானில் முதுகுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளுவான். பரணிலிருந்தே ஜிப்பைத் திறந்து கீழே மூத்திரம் போவான், மானுக்கு அந்த வாடை அரை மைலுக்குத் தெரியும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதற்கெல்லாம் ஒரு மனுஷனைக் கொல்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். மாட்டார்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருஷம் சீசனில் ஒரு பகல் அவன் பக்கம் ஒரே ஒரு வெடி கேட்டது. மான் விழுந்தது என்று நினைத்தோம். வெறுங்கையோடு வந்தான். சுத்தமாகக் கோட்டைவிட்டேன், ஒரு மயிர்கூட உதிரவில்லை என்றான். சாயங்காலம் அவனே குனிந்து நின்று, "நறுக்குங்க சாமி, நறுக்குங்க" என்று பின்புறத்தை ஆட்டிக் காட்டினான். மார்லிஸ் வாங்கிக்கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. ஹார்லன் நறுக்கினான். எல்லோரும் குடித்தோம்.

அந்த சீசன் முடிவதற்குள் ஒரு நாள் நான் ஓடையோரமாகப் போனேன். அங்கே ஒரு பெண்மான் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. குடிக்கிறது என்று நினைத்தேன். குடிக்க முயற்சி செய்துகொண்டிருந்தது. அதற்குக் கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் கறுத்துப்போய்த் தொங்கியது, அதைத் தண்ணீரில் போட்டுப் போட்டு எடுத்தது. விலாவெல்லாம் எண்ணிவிடலாம். நாற்றம் இத்தனை தூரத்துக்கு வந்தது, உயிரோடிருக்கிற ஒன்றிலிருந்து அந்த நாற்றம் வரக்கூடாது. ஒரு குண்டில் முடித்தேன். பிறகு அந்த ஓடையிலேயே வாந்தி எடுத்தேன். இன்றைக்கும் சூப்பு குடிக்கும்போது அந்த நாக்கு ஞாபகம் வரும், கிண்ணத்தை வைத்துவிடுவேன்.

சுட்டது யார் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கரைக்காரனாக இருக்கும் என்று நினைத்தேன்.

நன்றி சொல்லும் பண்டிகைக்கு மார்லிஸ் வீட்டில் வான்கோழி. நான் அந்த மானைப் பற்றிச் சொன்னேன், சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கக்கூடாது. டென்னி ஒரு காலெலும்பைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அட, அது நம்ம ஆளு மச்சான்," என்றான். "தலையில அடிக்கலாம்னு பாத்தேன். தாடை தனியா பறந்துச்சு, நானே பாத்தேன்."

"பாத்தியா?"

"பாக்காம என்ன. பின்னாடி போனா சேத்துல முட்டி வரைக்கும் இறங்கணும். அன்னிக்கு டிவியில மேட்ச் வேற. சட்டை போனா போகுதுன்னு விட்டுட்டேன். நரியும் சாப்பிடணும்ல?"

"சாப்பிடும்போது என்ன பேச்சு இது, ரெண்டு பேருக்கும் வேற வேலையில்லையா," என்று மார்லிஸ் அதட்டினாள். அவன் சிரித்தான். அவன் முகவாயில் கொழுப்பு வழிந்து மினுங்கியது. அவன் தாடை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றியது. என் தட்டைத் தள்ளி வைத்தேன், கோபம் இல்லை. கோபம் என்றால் அங்கேயே ஒரு அறை விட்டு முடித்திருப்பேன்.

அடிபட்டதைத் தேடிப் போய் முடிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அவன் சட்டையைக் கொடுத்து அந்த மானைக் கைகழுவினான், கொரின். கோட்டைவிட்டவனுக்கான தண்டனையை ஒரு பொய்க்குக் கூலியாகக் கொடுத்தான். அந்தச் சுவரில் மற்ற எல்லாத் துண்டும் உண்மை. அது ஒன்றுதான் பொய்.

அந்தப் பனிக்காலம் நிலவறையில் இருந்தேன். இந்த முறை மிருகம் எங்கள் காட்டுக் கலைமானைவிடக் கனம். நெஞ்சு அகலம், ஆனால் மான் மாதிரி உள்ளே ஆழம் கிடையாது. மேலே ஆரஞ்சு அங்கி, அதற்குள் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, அதற்குள் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. பெரிய அளவு ஒன்றை எடுத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம், ஆனால் பெரிய அளவை நம்புகிறவன் தன் கையை நம்பாதவன். இருநூற்று ஐம்பத்தேழையே வைத்துக்கொண்டேன். குண்டுகளில் ஒவ்வொரு வகையாக வாங்கி நனைத்த காகிதக் கட்டில் சுட்டுப் பார்த்தேன். சீக்கிரம் வேலை முடிய வேண்டும், வலி தெரியக்கூடாது, அது ஒன்றுதான் என் எண்ணம். வேறொருவனாக இருந்தால் தாடையைக் குறிவைத்திருப்பான். எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்தது, உடனே தள்ளிவிட்டேன். நான் கொடூரக்காரன் இல்லை. நெஞ்சுக்குத்தான் குறிவைத்தேன்.

இதோ, அந்தப் பித்தளைக் கூடு. கையில் எடுத்துப் பாருங்கள், பயப்பட வேண்டாம். விளிம்பைப் பாருங்கள், எவ்வளவு சீராக இருக்கிறது. அஜாக்கிரதையானவன் செய்கிற வேலையா அது?

இந்த வருஷம் சீசனின் இரண்டாம் நாள் காலை. லேசாகப் பனி விழுந்து நின்றிருந்தது. அவன் பரண் என் பரணிலிருந்து நூற்றி நாற்பது கஜம், நடுவில் இலையுதிர்ந்த மரங்கள். நான் கையுறையைக் கழற்றினேன், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன், எல்லாம் எப்போதும்போல. விசை இளகுகிற அந்தக் கணத்தில் அவன் எழுந்தான். ஜிப்பைத் திறப்பதற்காக எழுந்தான். அதை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும், அவன் பழக்கம் எனக்குத் தெரியும். அங்கே மட்டும் என் பக்கம் ஒரு பிசகு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

குண்டு வயிற்றில் பட்டது. அவன் ஏணி வழியாகச் சறுக்கிக் கீழே விழுந்தான்.

வயிற்றில் அடிபட்ட மானை உடனே தேடிக்கொண்டு போகக்கூடாது. இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், உங்கள் அப்பாவும் உங்களுக்குச் சொல்லியிருப்பார். உடனே போனால் அது மிரண்டு எழுந்து ஓடும், மைல் கணக்கில் ஓடும், கிடைக்காமலே போய்விடும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அது படுத்துக்கொள்ளும். அமைதியாக முடிந்துவிடும். நான் அந்த முறைப்படி உட்கார்ந்தேன். பிளாஸ்கில் காப்பி இருந்தது.

ஆனால் மான் கூப்பிடாது. அதைப் பற்றி யாரும் சொல்லிவைக்கவில்லை. முதலில் சும்மா கத்தினான். பிறகு ஹார்லனைக் கூப்பிட்டான், ஹார்லனின் பரண் மேட்டுக்கு அந்தப் பக்கம், கேட்காது. அதற்குப் பிறகு என்னைத்தான். "மச்சான், லோவல் மச்சான், அடிபட்டுடுச்சு, வா மச்சான்." ரொம்ப நேரம் அதையே சொன்னான். அடிபட்டதை விட்டுவிட்டுப் போகாதவன் அந்தக் குடிலில் ஒருத்தன்தான் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறான்.

சத்தம் நின்றபிறகும் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு இறங்கிப் போனேன். தடம் பிடிக்கச் சிரமமே இல்லை, பனியில் பட்டையாக இருந்தது. அடிபட்ட மான் சுட்டவனிடமிருந்து விலகித்தான் போகும். இவன் என் பரணைப் பார்த்து ஊர்ந்து வந்திருந்தான். பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டான். குப்புறக் கிடந்தான், கோட்டு மேலே ஏறியிருந்தது, பின்னால் சட்டை வெட்டுப்பட்ட இடம் நேர்க்கோடாகத் தெரிந்தது. வயிற்றில் பட்டதன் வாடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோட்டை இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.

குடிலுக்குப் போய், டென்னி அடிபட்டுக் கிடக்கிறான் என்றேன். அது பொய் இல்லை. எல்லோரும் ஓடினோம். ஹார்லன் ஓடிக்கொண்டே, "காலைல உன் பக்கம் ஒரு வெடி கேட்டுச்சேப்பா, உன்னோடதா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்: "ச்சே, என்ன கேக்குறேன் நான். உன்னோடதா இருந்தா மான் தொங்கிட்டு இருக்குமே. அக்கரைக்காரனுங்கதான், அஜாக்கிரதைப் பசங்க." உங்கள் ஆபீசுக்கும் அவன்தான் அந்தச் சொல்லைக் கொடுத்திருப்பான். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, கொரின். யாரும் என்னைக் கேள்வியை முடித்துக் கேட்கவில்லை.

மார்லிஸ் மட்டும் கேட்டாள். அடக்கம் முடிந்து எல்லோரும் கேக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீ தானே முதல்ல பாத்த. அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" நான் இல்லை என்றேன். என் கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. மருந்து நிறுக்கிற நாளில் எப்படிக் கழுவுவேனோ அப்படிக் கழுவியிருந்தேன்.

என்ன கேட்டீர்கள்? டேப்பில் சரியாக விழட்டும், மறுபடி கேளுங்கள்.

"உங்ககிட்ட வேற தோட்டா இருந்துச்சா, சார்?"

இருந்தது. எப்போதும் பையில் நாலைந்து இருக்கும்.

"அவன் கத்திக்கிட்டு இருக்கும்போது உங்களுக்கு அவன் தெரிஞ்சானா?"

நன்றாகத் தெரிந்தான். துப்பாக்கிமேல் இருக்கிற தொலைநோக்கிக் கண்ணாடியில் அவன் வாய் அசைவதுகூடத் தெரிந்தது.

"அப்ப ஏன் சார் இன்னொண்ணு சுட்டு முடிக்கல? மானுக்குச் செய்வீங்களே. அந்த மானுக்குச் செஞ்சீங்களே."

பள்ளிக்கூடத்தில் நீங்கள் இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

நீங்கள் நினைப்பது தப்பு. அவன் கஷ்டப்பட வேண்டும் என்று நான் உட்கார்ந்திருக்கவில்லை. நான் துப்பாக்கியைத் தூக்கினேன். இரண்டாவது தோட்டாவை உள்ளே தள்ளினேன்கூட. அவன் நெஞ்சு நேராக இருந்தது, மரம் எதுவும் மறைக்கவில்லை, ஒரு விரல் வேலை. அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹார்லன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகத்துக்கு வந்தது. லோவல் பக்கம் இரண்டு வெடி. பரணில் தனியாக உட்கார்ந்து சிரிப்பான். சாயங்காலம் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து, குனிடா ராசா என்பான். துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. எழுதுங்கள். அஜாக்கிரதை என்பதை அடித்துவிட்டு, லோவல் கிட்ஸ்மன், ஒரே வெடி என்று எழுதுங்கள். நம்பிக்கையில்லாவிட்டால் குடிலுக்குப் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். இன்றைக்கும் அதில் என் சட்டைத் துண்டு ஒன்றுகூட இல்லை.